மாமா வீட்டுக்குப் பக்கத்துப் பல்கலைக்கழகம்

எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பம் போட்டவள் என்றதும் கேட்பவர்கள் என்னைப் பெரிய தைரியசாலி என்று எண்ணிக்கொள்கிறார்கள். நெரவியிலிருந்து காரைக்காலுக்கு ஸ்கூட்டியில் போகும்போது, கீழவாஞ்சூர் துறைமுகத்திலிருந்து வரும் லாரி பின்னால் ஹார்ன் அடித்தால் வண்டியை மண்ணில் இறக்கி நிறுத்திவிடுவேன். அது போய், அதற்குப் பின்னால் வருவதும் போன பிறகுதான் மறுபடி தார்ச்சாலைக்கு ஏறுவேன். இப்படி நின்று நின்றே கல்லூரிக்குத் தாமதமாகப் போனவள் நான். படித்தது உள்ளூர் வேளாண்மைக் கல்லூரி. விடுதி வேண்டாம் என்று தினமும் வீட்டிலிருந்தே போய்வந்தேன். இருபத்து மூன்று வயதுவரை அம்மா இல்லாத வீட்டில் ஒரு நாள்கூடப் படுத்துத் தூங்கியதில்லை.

அப்படிப்பட்டவள் ஏன் விண்ணப்பம் போட்டாய் என்று கேட்டால், தண்ணீர்தான் காரணம். கடைசி வருட புராஜெக்டுக்காகக் கடலோரத்திலிருந்து குரும்பகரம் வரைக்கும் ஊர் ஊராகப் போய் போர்வெல் தண்ணீர் பிடித்து வந்தேன். காலி குளிர்பான பாட்டில்களில் பிடித்து, மேலே ஊர்ப் பெயரும் தேதியும் எழுதி ஒட்டி, உப்பின் அளவு காட்டும் மீட்டரை ஒவ்வொன்றிலும் விட்டுப் பார்ப்பேன். குரும்பகரத்தில் அப்பாவின் பங்கு நிலம் கொஞ்சம் இருக்கிறது. நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது அந்த போர்த் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்திருக்கிறேன். இப்போது வாயில் வைத்தால் கரிக்கிறது. கடல் எந்த வழியாக அவ்வளவு தூரம் மண்ணுக்கடியில் நடந்து வந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வெறியே பிடித்துவிட்டது. முன்பின் தெரியாதவர்களின் கொல்லையில் போய் நின்று, "கொஞ்சம் மோட்டார் போடுறீங்களா?" என்று கேட்கும்போது மட்டும் எனக்குப் பயமே வந்ததில்லை. ஏன் என்று இன்றுவரை புரியவில்லை.

நிலத்தடி நீருக்கென்றே ஒரு வருடப் படிப்பு இங்கிலாந்தின் வடக்கே, ஸ்காட்லாந்து எல்லைக்குப் பக்கத்து ஊரில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்தது. கடலோர நிலங்களில் உப்பு ஏறுவதற்கு அங்கே தனிப் பாடமே வைத்திருந்தார்கள். அதை நம்பித்தான் விண்ணப்பிக்கவே தொடங்கினேன். நான்கு இடங்களுக்குப் போட்டதில் இரண்டு இடங்களில் கிடைத்தது. ஒன்று அந்த வடக்கு. இன்னொன்று தென்கிழக்கு மூலையில், கடலோரத்தில். அங்கே கிடைத்தது சுற்றுச்சூழல் மேலாண்மை. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுக்காட்டும் படிப்பு. தண்ணீருக்கு அதில் ஒரே ஒரு பாடம். அது எண்ணிக்கைக்காகப் போட்ட விண்ணப்பம்.

கடிதம் வந்த அன்று சந்தோஷம் வந்ததா என்றால், வந்தது. ஒரு பத்து நிமிடம் இருந்தது. பிறகு பயம் ஆரம்பித்தது. நிஜமாகவே போக வேண்டிவரும் என்று அதுவரை நான் நினைத்துப் பார்க்கவில்லை. காய்ச்சல் வந்து ஓர் அறையில் கிடக்கிறேன், கதவைத் தட்ட ஆள் இல்லை. இந்த ஒரு காட்சிதான் திரும்பத் திரும்ப மனதில் ஓடியது. குளிர், பேச்சு, சாப்பாடு எல்லாம் அப்புறம். கதவைத் தட்ட ஆள் இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய பயம்.

ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்குப் பிரான்ஸ் வெளிநாடு கிடையாது. துபாய் வெளிநாடு, சிங்கப்பூர் வெளிநாடு, இங்கிலாந்து ரொம்பவே வெளிநாடு. பிரான்ஸ் என்பது தெருவில் யாராவது ஒருவர் இருக்கும் இடம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டில் பெண் எடுத்தால் மாப்பிள்ளை கல்யாணக் களை மாறுவதற்குள் விமானம் ஏறிவிடலாம். கல்யாணப் பேச்சில், "பொண்ணுக்கு நேஷனாலிட்டி இருக்கா?" என்று கேட்க யாரும் கூச்சப்படுவதில்லை. என் மாமா, அம்மாவின் தம்பி, அப்படித்தான் இருபது வருடத்துக்கு முன்னால் போனார். பாரிஸுக்கு வெளியே ஒரு புறநகரில் வீடு, ஒரு கிடங்கில் வேலை. மாமி மூன்று வருடத்துக்கு முன் இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா அவருக்குப் போன் போடுவாள். என்ன குழம்பு, உப்பு சரியாக இருந்ததா என்பதில் ஆரம்பித்து அரை மணி நேரம் போகும். அம்மாவைக் கேட்டால் மாமா வீடு திருநள்ளாறு தாண்டி நாலு ஸ்டாப்பில் இருக்கிறது என்பதுபோலத்தான் பேசுவாள்.

இரண்டு கடிதங்களும் வந்த வாரம், அம்மா என் பழைய பள்ளிக்கூட அட்லஸை எடுத்து வரச் சொன்னாள். அம்மா அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தைப்பவள். இஞ்ச் டேப் எப்போதும் கழுத்தில் கிடக்கும்.

"மாமா வீடு எங்க இருக்கு, காட்டு."

காட்டினேன்.

"உனக்குக் கெடச்ச காலேஜு?"

இரண்டையும் காட்டினேன். அம்மா டேப்பை வைத்து அளந்தாள். தெற்குக்கு ஒரு விரல் நகம் அளவுகூட வரவில்லை. நடுவில் இருந்த நீலக் கடலை அவள் வாய்க்காலைத் தாண்டுவதுபோலத் தாண்டினாள். வடக்குக்கு வைத்தபோது டேப் பக்கத்தின் பாதி உயரம் போனது.

"அங்க யாரு இருக்கா?"

"அங்க யாரும் இல்லம்மா. ஆனா அங்கதான் நான் கேட்ட படிப்பு இருக்கு."

"யாருமே இல்லாத ஊர்ல என்னத்தடி படிப்ப?"

அன்று ஞாயிற்றுக்கிழமை. மாமாவிடம் போனில் கேட்டாள். மாமா சந்தோஷமாகச் சொன்னார்: "ரயில் இருக்குக்கா, கடலுக்கு அடியிலயே போவுது. நான் ஒருதடவ லண்டன் போய்ட்டு வந்தேன்ல, ரெண்டரை மணி நேரந்தான். பாஸ்போர்ட்ட ஒரு பார்வ பாத்தான், அவ்வளவுதான். வெள்ளிக்கிழம சாயங்காலம் ஏறுனா ராத்திரி சாப்பாட்டுக்கு இங்க வந்துடும் புள்ள."

அத்தோடு முடிந்தது. சனி, ஞாயிறு மாமா வீட்டில் சோறு, திங்கட்கிழமை கல்லூரி. நெரவி கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் கிளார்க்காக இருக்கும் அப்பா, எந்தக் காகிதத்தையும் மூன்று தடவை படிக்காமல் கையெழுத்துப் போடாதவர். அவரே, "அப்ப சரி, தெக்கயே போகட்டும்" என்றார். நான் வடக்குக்காக ஒரு வார்த்தை வாதாடியிருக்கலாம். வாதாடவில்லை. எனக்கும் அந்த ரயில் வேண்டியிருந்தது. கதவைத் தட்ட ஆள் கிடைத்துவிட்ட நிம்மதியில், தண்ணீரை விட்டுக்கொடுத்துவிட்டேன். வடக்குக்கு மட்டும் பதில் எழுதாமல் வைத்திருந்தேன். அவர்களுக்குப் பதில் சொல்ல ஜூன் மாதம்வரை தவணை இருந்தது.

மார்ச் மாதம் ஒரு மதியம், விசா விதிகளைப் படித்துக்கொண்டிருந்தேன். படிக்கச் சொன்னது கும்பகோணத்தில் இருந்த கன்சல்டன்சி. அங்கே ஓர் அக்கா எனக்கு விண்ணப்பங்களைப் பார்த்துக்கொடுத்தார். அவர் அனுப்பிய பக்கங்களில் இல்லாத ஒன்றை நானே தேடிப் படித்தேன். இங்கிலாந்து மாணவர் விசாவை வைத்துக்கொண்டு பிரான்ஸுக்குள் நுழைய முடியாது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அதற்குத் தனி விசா. ஒவ்வொரு முறையும் விண்ணப்பம், நேரம் வாங்கிக் காத்திருப்பது, கைரேகை. மாமா ரயிலில் ஏறி லண்டன் போனபோது அவர் கையில் இருந்தது பிரெஞ்சுப் பாஸ்போர்ட். அதனால்தான் ஒரு பார்வையோடு விட்டார்கள். இத்தனை வருடம் அந்தப் பாஸ்போர்ட்டோடு இருந்தவருக்கு, மற்றவர்களுக்கு அந்த வாசல் சாத்தியிருப்பது மறந்துபோயிருந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவும் இல்லை. பிரான்ஸ்தான் எங்களுக்கு வெளிநாடு இல்லையே.

உடனே எழுந்து போய் அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். அம்மா பக்கத்து அறையில் தையல் மெஷினில்தான் இருந்தாள். நான் பக்கத்தை மூடிவிட்டேன். சொன்னால் மாமா வீடு போய்விடும். மாமா வீடு போனால் தெற்கும் போய்விடும், இங்கிலாந்தே போய்விடும். என்னை எங்கேயும் அனுப்ப மாட்டார்கள். அது ஒரு பயம். இன்னொரு பயத்தைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் இருந்தால் அனுப்பிவிடுவார்கள். பிடித்த படிப்பும் இல்லாமல், மாமா வீடும் இல்லாமல், தனியாகப் போய் நிற்க வேண்டியவள் நான்தான். இரண்டு பக்கமும் குழி. நடுவில் வாயைப் பொத்திக்கொண்டு மூன்று மாதம் உட்கார்ந்திருந்தேன்.

அந்த மூன்று மாதமும் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா ஒவ்வொரு ஞாயிறும் மாமாவிடம் என் சனி ஞாயிறுகளை அடுக்கிக்கொண்டே போனாள். தீபாவளிக்கு அங்கே, பொங்கலுக்கு அங்கே. நான் அதே அறையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் தெற்குப் பல்கலைக்கழகம் ஒரு நேர்காணல் வைத்தது. இடம் கொடுத்துவிட்டாலும், விசாவுக்கான உறுதிக் கடிதம் தருவதற்கு முன் மாணவர் உண்மையிலேயே படிக்கத்தான் வருகிறாரா என்று வீடியோவில் பேசிப் பார்ப்பார்களாம். கன்சல்டன்சி அக்கா ஒரு பதில் தொகுப்பு அனுப்பினார். "எத்தனையோ பல்கலைக்கழகம் இருக்கும்போது எங்களை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்ற கேள்விக்கு மட்டும் ஒரு பக்கம். உங்கள் துடிப்பான வளாகம், உங்கள் உலகத்தரமான ஆய்வு என்று போகும்.

"மாமா இருக்காரு, அத்தை இருக்காங்கன்னு மட்டும் வாயத் தொறந்துடாத. படிக்க வரல, செட்டில் ஆக வர்றாங்கன்னு நெனச்சுக்குவாங்க. பக்கத்துல சொந்தக்காரங்க உண்டான்னு கேட்டா இல்லன்னு சொல்லிடு" என்றார்.

அந்தப் பக்கத்தை மனப்பாடம் செய்தேன். குளிக்கும்போது சொன்னேன், ஸ்கூட்டியில் சொன்னேன். எத்தனை தடவை சொன்னாலும் இரண்டாவது வாக்கியத்துக்கு மேல் வரவில்லை.

ஜூன் மாதம் நேர்காணல். நமக்கு மதியம் இரண்டரை மணி, அவர்களுக்குக் காலை. மின்சாரம் போய்விடுமோ என்று இன்வெர்ட்டரை மூன்று தடவை பார்த்தேன். முன்னறையில் மடிக்கணினி. அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்பதால் அப்பாவும் அம்மாவும் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள். அப்பா அரை நாள் லீவு போட்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் நன்றாகப் புரியும்.

திரையில் வந்தவர் ஐம்பது வயதுப் பெண்மணி. கோபமாக இருப்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். தபால் ஆபீசில் அவசரமில்லாமல் முத்திரை குத்துகிறவர்களைப்போல இருந்தார். பெயர், பிறந்த தேதி, படிப்பின் பெயர். அடுத்து அந்தக் கேள்வி. நான் துடிப்பான வளாகம் என்று ஆரம்பித்து, இரண்டாவது வாக்கியத்தில் நின்றுபோனேன். அவர் காத்திருந்தார். பிறகு, இங்கிலாந்திலோ பக்கத்திலோ உறவினர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். முடியவில்லை. நான் நல்லவள் என்பதால் இல்லை. மாட்டிக்கொள்வேன் என்ற பயம்தான். பிரான்ஸில் மாமா இருக்கிறார் என்றேன். நீங்கள் எங்களைத் தேர்ந்தெடுத்ததற்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்டார். மூன்று மாதமாக அடைத்துவைத்திருந்தது அப்போது உடைந்தது. அம்மா அட்லஸில் டேப் வைத்து அளந்ததை அப்படியே சொன்னேன். ஒரு நகம்கூட இல்லை என்று விரலைக் கேமராவுக்கு நேராகக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. எங்கள் விசாவில் நீங்கள் பிரான்ஸுக்குப் போக முடியாது, அது உங்களுக்குத் தெரியுமா என்றார்.

தெரியும், மார்ச் மாதத்திலிருந்தே தெரியும் என்றேன்.

திரைச்சீலைக்குப் பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் அந்தப் பெண்மணி என்ன படிக்க உங்களுக்கு விருப்பம் என்று கேட்டதும், நான் உப்புத் தண்ணீரைப் பற்றிப் பேசியதும் நினைவிருக்கிறது. எட்டு நிமிடம் பேசியிருப்பேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை. அவர் தட்டச்சு செய்துகொண்டே இருந்தார். முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்பா திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் என்னை அடித்ததே கிடையாது. அன்று அடித்திருந்தால் தேவலை.

"காயிதத்தப் படிச்சிட்டு, படிக்காத மாதிரி இருந்திருக்க" என்றார். "மூணு மாசம்."

"பயமா இருந்துச்சுப்பா."

"பயந்தா சொல்லணும். மறைக்கக் கூடாது. நீ எங்கயும் போவ வேணாம்."

அம்மாவுக்கு விஷயத்தை அப்பாவே தமிழில் சொன்னார். அம்மா தையல் மெஷினில் போய் உட்கார்ந்து, பக்கத்து வீட்டு ஜாக்கெட்டுக்குக் கை வைக்க ஆரம்பித்தாள்.

மூன்றாம் நாள் மின்னஞ்சல் வந்தது. இப்போதைக்கு உறுதிக் கடிதம் தருவதற்கில்லை, விரும்பினால் இரண்டு வாரத்தில் இன்னொரு நேர்காணலுக்கு வரலாம் என்று இருந்தது. கன்சல்டன்சி அக்காவுக்கு என்மேல் பயங்கர எரிச்சல். "உண்மையச் சொல்றதுக்கு யாராச்சும் இன்டர்வியூக்குப் போவாங்களா? சரி விடு, இன்னொரு சான்ஸ் குடுத்திருக்காங்க. இந்தத் தடவையாவது நான் அனுப்புனத மட்டும் சொல்லு." வடக்குக்குப் பதில் சொல்ல அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைதான் கடைசி.

தெற்குக்குத் திரும்பப் போய், அதே பெண்மணியின் முகத்தைப் பார்த்து அந்த ஒரு பக்கத்தை ஒப்பிக்கலாம். வடக்குக்குச் சரி என்று எழுதலாம். வீட்டிலேயே இருந்துவிடலாம். மூன்றாவதுதான் எனக்குச் சுலபமாக இருந்தது. இரண்டு நாள் அதை நினைத்து ஆறுதல்பட்டுக்கொண்டேன். அப்புறம் ஒரு காலையில், மாடிப்படிக்கு அடியில் அடுக்கியிருந்த பாட்டில்கள் கண்ணில் பட்டன. என் கையெழுத்தில் ஊர்ப் பெயர்கள். நான் வீட்டில் உட்கார்ந்துவிட்டால் இவற்றை எடுத்து யாரும் பார்க்கப் போவதில்லை, அம்மா ஒருநாள் பழைய பேப்பர்காரரிடம் போடுவாள், அவ்வளவுதான். போகும் பயத்தைவிட இந்தப் பயம் அதிகமாக இருந்தது. எனக்கே ஆச்சரியம்.

அம்மா கொல்லைப்பக்கம் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் தலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டோம்.

"நான் வடக்கயே போறேம்மா. அங்க யாரும் இல்லதான். எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா போறேன்."

அம்மா நிமிரவில்லை. "உனக்குத் துணையா இருக்கட்டும்னு நான் அங்க அளந்து பாத்தேன்னு நெனச்சியா?"

"வேற எதுக்கு?"

"உன்ன விட்டா நாலு புள்ளைங்களோட சேந்துக்குவ. ரூமுக்குப் பக்கத்து ரூமுல யாராவது இருப்பாங்க. உன் மாமன் மூணு வருசமா வேலவிட்டு வந்து சுவத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்குறான். ஞாயித்துக்கெழம என்ன கொழம்புன்னு கேட்டா ஒவ்வொரு வாரமும் வேற வேற பேரு சொல்லுவான். ஒண்ணும் வச்சிருக்க மாட்டான், எனக்குத் தெரியும். நீ வாரா வாரம் போனா, உனக்காகவாவது ஒலை வைப்பான்னு நெனச்சேன்."

நான் கையில் இருந்த மீனை அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன். அத்தனை ஞாயிறும் நான் அதே அறையில் இருந்திருக்கிறேன். குழம்பின் பெயர்கள் என் காதிலும் விழுந்திருக்கின்றன. கதவைத் தட்ட ஆள் இல்லாத அறை என்று நான் பயந்து பயந்து நினைத்துக்கொண்டிருந்தேனே, அந்த அறையில் மாமா மூன்று வருடமாக இருக்கிறார். எனக்கு அது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

"அப்ப நான் தெக்கயே போவட்டுமா?"

"போய் என்ன, அந்த வாசலத்தான் அடச்சி வச்சிருக்கானுங்களே. அவன் வந்தா உண்டு. அவன் எங்க வரப்போறான்." முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீ வடக்கயே போ. ஆனா அவன்கிட்ட நீதான் சொல்லணும். என்னால ஆவாது."

அப்பா அன்று மாலை அலுவலகத்திலிருந்து வந்ததும் அம்மா அவரிடம் என்ன சொன்னாள் என்று தெரியாது. இரண்டு நாள் அவர் வடக்கின் கடிதத்தை வைத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை படித்தார். எங்கேயெல்லாமோ பென்சிலால் கோடு போட்டார். வியாழக்கிழமை சாயங்காலம் என் முன்னால் வைத்து, "மூணாம் பக்கத்துல உன் கையெழுத்து வேணும். போடுறதுக்கு முன்னாடி பூராவும் படி. படிச்சிட்டு, ஏதாவது இருந்தா என்கிட்ட சொல்லு" என்றார். படித்தேன். மறைக்க ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். என் பெயரே கோணலாக விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா வழக்கம்போல் போன் போட்டாள். இரண்டு வார்த்தை பேசிவிட்டு என் கையில் கொடுத்துவிட்டு, எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேர்காணலில்கூட எனக்கு இவ்வளவு பயம் இருந்ததில்லை. மாமாவிடம் விசா விஷயத்தைச் சொன்னேன். நான் முன்னாலேயே தெரிந்துகொண்டு மறைத்ததையும் சொன்னேன். வடக்கே போவதாகவும், அது ரொம்ப தூரம், ரயில் மாறி வர வேண்டும் என்றும் சொன்னேன். அவர் நடுவில் எதுவும் கேட்கவில்லை.

"தண்ணியப் பத்திப் படிப்புதானே?" என்றார்.

"ஆமா மாமா."

"நல்லதும்மா. அதத்தான் படிக்கணும். எனக்குத்தான் அறிவில்ல பாரு, என் பாஸ்போர்ட்ட வச்சிக்கிட்டு உனக்கும் அப்படித்தான்னு சொல்லிட்டேன்."

"நீங்க வாங்க மாமா. லீவு போட்டுட்டு என்னப் பாக்க வாங்க."

"வரேன், வரேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்கம்மா பக்கத்துல இருக்காளா? அவகிட்ட சொல்லாத. நீ சனி ஞாயிறு வர்றேன்னு சொன்னதுனால, போன மாசம் ரெண்டு ரூம் இருக்குற வீட்டுக்கு மாறிட்டேன். ஒரு கட்டிலும் வாங்கிப் போட்டேன். பரவால்லம்மா, நீ ஒண்ணும் நெனச்சுக்காத. அந்த ரூமுல நான் துணி காயப் போட்டுக்கிறேன்."

எதிரில் அம்மா என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

"என்னடி சொல்றான்?" என்றாள்.

"நல்லாப் படின்னு சொல்றாரும்மா" என்றேன்.